இரவல் கால்கள்

திருவனந்தபுரத்தில் பத்மநாப சுவாமியின் ஆராட்டு நடக்கும் சங்குமுகம் கடற்கரையில்தான் 2015 தேசிய விளையாட்டின் டிரையத்லான் நடந்தது. ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். நடுவில் ஷூ மாட்டும் நேரமும் கணக்கில் சேரும்.

விடியலில் பயிற்சி, பிறகு ஆபீஸ் என்றிருக்கும் அமெச்சூர் வீரர் பயப்படுவது கடலுக்கு. அலை முகத்தில் அறையும். முன்னால் நீந்துபவரின் கால் மூக்கில் படும். ஆனால் ஆளைக் கவிழ்ப்பது சைக்கிளை விட்டு இறங்கும் கணம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பெடலோடு சுழன்ற தொடைகள் ஓட மறுக்கின்றன. சொந்தக் கால் இரவல் வாங்கியது போலிருக்கிறது. அங்கே வீறாப்புக் காட்டினால் கடைசியில் நடக்க வேண்டியதுதான். விவரமானவர் சின்னச் சின்ன அடி வைத்து, தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு, கால் வழிக்கு வரும்வரை பொறுக்கிறார். பதக்கம் முன்னால் போனவர்களுக்கு. இவருக்குக் கெடு முடிவதற்குள் கோட்டைத் தாண்ட வேண்டும்.