பின்வளவு நரிக்குச் சோறு வைக்காதே

அன்புள்ள சுபா,

பிரிஸ்டல் வீடு உனக்கும் பிள்ளைக்கும் பிடித்துக்கொண்டது என்று அறிய மெத்தச் சந்தோஷம். ஆனால் பின்வளவுக்கு வருகிற நரிக்கு நீ கோழி எலும்பும் சோறும் வைக்கிறாய் என்று தம்பி சொன்னான். காகத்துக்கு வைக்காமல் உன் அம்மா ஒருநாளும் வாயில் சோறு வைத்தவள் இல்லை. அந்தக் குணம் உன்னில் இருப்பது எனக்குப் பெருமைதான். என்றாலும் இதை விட்டுவிடு பிள்ளை.

தை மாதம் நடுச்சாமத்தில் யாரையோ கழுத்தை நெரிப்பதுபோல் சத்தம் கேட்டு, பொலிசுக்குப் போன் எடுக்கப் பார்த்தாயாமே! அது பெட்டை நரி துணையைக் கூப்பிடுகிற சத்தம். வருசத்தில் மூன்று நாளளவில்தான் அது கருத்தரிக்கும். பிறகு ஏன் கத்தாது? பங்குனியில் குட்டி போடும். உன்னுடைய ஷெட்டுக்குக் கீழேயே போட்டாலும் போடும். குட்டிகள் வெளியே வந்து விளையாடத் தொடங்கினால் சப்பாத்தை வெளியில் விடாதே. பெரியப்பாவின் ஒற்றைச் செருப்பு ஹரோவில் எந்த வளவில் கிடக்கிறதோ, இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

பயப்படவும் வேண்டாம். ஆறேழு கிலோ தேறினால் பெரிய விசயம். இந்த நாட்டு நரிகளிடம் விசர்நோயும் இல்லை.

அதுக்குச் சாப்பாடு இல்லையே என்று நீ உருகத் தேவையில்லை. மழை பெய்த இரவில் லைட்டை அணைத்துவிட்டு யன்னலால் பார். புல்லில் காதைச் சரித்து நிற்கும். மண்புழுவைப் பல்லால் கவ்வி, அறுந்துபோகாமல் மெல்ல மெல்ல இழுத்து எடுக்கும். எலி, புறா, விழுந்த பழம் எல்லாம் அதுக்கு ஆகும். லண்டனில் ஷார்ட் கோபுரம் கட்டும்போது, 2011 இல், 72ஆம் மாடியில் ஒன்று குடியிருந்தது தெரியுமா? வேலையாட்கள் மிச்சம் விட்டதைத் தின்றே சீவித்ததாம்.

1930களில் தோட்டம் வைத்த வீடுகள் பெருகப் பெருக, இந்த நாட்டு ஊர்களுக்குள் வந்து குடியேறிய சாதி இது. உங்கள் பிரிஸ்டலில் பல்கலைக்கழகத்தார் 1977 முதல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அங்கே நெருக்கமாக இருந்த நரிகளுக்குள் 1994 இல் சொறிநோய் புகுந்து, இரண்டு வருசத்தில் 95 வீதத்துக்கு மேல் அழிந்துபோயின. சோறு வைத்து ஒரே இடத்தில் கூட்டம் சேர்க்காதே என்று நான் சொல்வது அதனால்தான். ஆள் பயம் விட்டுப்போனால் அடுத்த வீட்டுக் குசினிக்குள்ளும் தலை நீட்டும். பிறகு அந்த வீட்டார் ஆள் பிடித்துக் கொல்லுவிப்பார்கள்.

ரோசாவுக்கு எலும்புத்தூள் போடாதே, கிண்டிப் பாழாக்கிவிடும். குப்பை வாளி மூடியை இறுக்கு. வெயில் காலத்திலும் சின்னவன் தனியக் கிடந்தால் பின்கதவைத் திறந்து விடாதே.

பக்கத்து வீட்டு மனிசி கோழி வளர்க்கிறா என்றாயே, அவ அறிய முந்தி நிறுத்து. அறிந்துவிட்டா என்றால் எனக்குப் போன் எடு, என்ன சொல்வது என்று யோசிப்போம்.

அன்புடன்,
பெரியம்மா