மூத்த யானையின் கடைசிப் பல்

யானைப் பசிக்குச் சோளப்பொரி போதுமா என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தப் பசி எத்தகையது என்பதைச் சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், முதுமலையிலுள்ள தெப்பக்காடு யானைகள் முகாமில் நாங்கள் நேரில் கண்டோம். அது வெறும் வேடிக்கையாய் முடியாமல், எங்கள் இல்லத்தில் எடுக்கவிருந்த ஒரு முடிவையே மாற்றிவிட்டது. ஆகவே அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எண்பத்திரண்டு வயதான எங்கள் தாயாரும் உடன் வந்திருந்தார்கள். பற்களெல்லாம் விழுந்துவிட்டமையால் அவர்களுக்கென்று தனியாகக் குழையச் சமைக்க வேண்டும். ஒரு வேளை உணவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். சொன்ன கதையையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் எங்கள் வீட்டில் இது பெருஞ்சுமையாகத் தோன்றிற்று. விடுமுறை முடிந்ததும் அவர்களை முதியோர் இல்லமொன்றில் சேர்த்துவிடுவதென உடன்பிறந்தோரோடு பேசி வைத்திருந்தோம். தாயாரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

மாலையில் கேழ்வரகு, கொள்ளு, வெல்லம், உப்பு ஆகியவை சேர்த்துப் பிசைந்த பெருங் கவளங்களைப் பாகர்கள் யானைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தனர். ஓரமாய் நின்ற ஒரு கிழட்டுப் பெண் யானை மிக மெதுவாக மென்றது. அதன் பாகரோ சிறிதும் பொறுமை இழக்காமல் காத்து நின்றார்.

"இதற்கு வயது என்ன இருக்கும், தம்பி?" என்று தாயார் கேட்டார்கள்.

"அறுபதைத் தாண்டிவிட்டது, அம்மா. பல் தேய்ந்துபோயிற்று. மூங்கிலையும் பட்டையையும் முன்போல மெல்ல முடியாது. அதனால் களியைச் சிறிதாக உருட்டிக் கொடுக்கிறோம்."

தாயார் நெடுநேரம் அந்த யானையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே, "பல் போனாலும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறது" என்றார்கள். எங்களுக்குத் தலைநிமிர முடியவில்லை.

ஊர் திரும்பியபின் யானைகளைப் பற்றி நூல்களில் தேடிப் படித்தோம். இன்று உலகில் வாழும் யானைகள் மூவகை: ஆசிய யானை, ஆப்பிரிக்கப் புல்வெளி யானை, ஆப்பிரிக்கக் காட்டு யானை. ஆப்பிரிக்க யானைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. ஆசிய யானைகளில் ஆண்கள் சிலவற்றுக்கே நீண்ட தந்தம் வளரும். வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ புல், இலை, மூங்கில், மரப்பட்டை, கிழங்கு, கனி ஆகியவற்றை உண்கிறது. அதில் பாதிகூடச் செரிப்பதில்லை. ஆகவே பகலும் இரவுமாக அது பல மணி நேரம் மேய்ந்தாக வேண்டும். செரிக்காத விதைகள் சாணத்தோடு விழுந்து முளைக்கின்றன. தான் உண்ட காட்டை யானை தானே வளர்க்கிறது.

இத்தனையையும் அரைக்க இறைவன் அதற்கு ஆறு முறை கடைவாய்ப் பற்களைத் தந்திருக்கிறார். மனிதருக்கு முளைப்பதுபோல் அவை கீழிருந்து மேலாக எழுவதில்லை. பின்னாலிருந்து முன்னோக்கி நகர்ந்து வருகின்றன. முன்பல் தேய்ந்து உதிர, பின்பல் அதன் இடத்தைப் பிடிக்கிறது. ஆறாம் முறை வந்த பல்லும் தேய்ந்துவிட்டால் மறுபல் இல்லை. நோயோ வேட்டையோ குறுக்கிடாவிட்டால், அறுபது, எழுபது ஆண்டளவில் அதன் வாழ்வு முடிவதற்கு இதுவே முக்கியக் காரணம். வயிறு பசித்திருக்க, வாய் தளர்ந்துவிடுகிறது.

அப்படியாயின் தளர்ந்த யானையால் கூட்டத்துக்கு என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். யானைக் குடும்பத்தை நடத்துபவள் பெரும்பாலும் மூத்த பெண் யானையே. தான்சானியா நாட்டின் தாரங்கிரே பூங்காவில் 1993-ஆம் ஆண்டு கடும் வறட்சி நேர்ந்தது. ஆய்வாளர்கள் கவனித்துவந்த 81 குட்டிகளில் 16 குட்டிகள் ஒன்பது மாதங்களுக்குள் இறந்தன. மூத்த தலைவிகள் நடத்திய கூட்டங்கள் பூங்காவை விட்டு வெளியேறிக் குட்டிகளில் பலவற்றைக் காப்பாற்றிக்கொண்டன. இளைய தலைவியரைக் கொண்டு அங்கேயே தங்கிய கூட்டமோ மிகுதியாய் இழந்தது. 1958 முதல் 1961 வரை அப்பகுதியில் நிலவிய பழைய வறட்சியைக் கண்டிருந்த மூத்த யானைகளுக்கு, நீர் இருக்கும் இடம் நினைவில் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்தம் கருத்து. அதற்கு முந்திய ஆண்டுகளில் தந்தத்துக்காக வேட்டையாடப்பட்டவை பெரும்பாலும் மூத்த யானைகளே. மூத்தவளைக் கொன்றவர்கள் கூட்டத்தின் நினைவையும் கொன்றுவிட்டார்கள்.

இதைப் படித்த அன்றிரவு, தாயார் வழக்கமாகச் சொல்லும் கதையை முதன்முறையாக முழுவதும் கேட்டோம். மழை பொய்த்த ஓர் ஆண்டில், தாம் பட்டினி கிடந்து, பனங்கிழங்கு அவித்து எங்களைக் காப்பாற்றிய கதை அது. எத்தனையோ முறை பாதியிலேயே எழுந்து போயிருக்கிறோம்.

முதியோர் இல்லப் பேச்சை அன்றே விட்டுவிட்டோம். வேறு வழியின்றிப் பெற்றோரை அங்கே சேர்த்து, தவறாமல் சென்று பார்த்து அன்பு செய்வோரை நாங்கள் குறை கூறவில்லை. எங்களுக்கோ வழி இருந்தது, மனந்தான் இல்லை. தந்தையின் அறிவு குன்றினாலும் பொறுமையோடிரு என்று சீராக் நூலின் மூன்றாம் அதிகாரம் அறிவுறுத்துவதைக் கோவிலில் கேட்டிருக்கிறோம். நான்காம் கட்டளையைச் சிறு வயதிலேயே மனப்பாடமும் செய்திருக்கிறோம். அதன் பொருளை ஒரு பாகரின் கையிலிருந்த களி உருண்டை அல்லவா எங்களுக்கு உணர்த்திற்று!

இப்போது இரவுதோறும் பாட்டிக்கு இட்டிலியைப் பாலில் குழைத்துக் கொடுப்பது எங்கள் இளைய மகனின் பொறுப்பு. சில நாள் அவனும் முணுமுணுப்பான். எங்களுக்கும் அலுப்பு வருவதுண்டு. ஆயினும் உணவு முடிந்ததும் தாயாரே செபமாலையைத் தொடங்குகிறார்கள். பல்லில்லாத வாயிலிருந்து வரும் சொற்கள் சற்றே குழறுகின்றன. வழி தெரிந்தவர் முன்னே செல்ல, நாங்கள் பின்தொடர்கிறோம்.