கறளும் கண்ணாடிக் கவசமும்

கடந்த மாதம் ஒருநாள் சுபஹுத் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது, மூத்த ராத்தாவின் மகன் வாசலில் காத்து நின்றான். விடியற்காலையில் மருமகன் தேடி வந்தால் மாமன்மாருக்கு நெஞ்சு ஒருமுறை துணுக்குறும். கடன் கேட்கப் போகின்றானோ, ஏதும் வழக்கு வம்போ என்று. அவன் கேட்டதோ ஒரு கட்டுரை.

"மாமா, நம்மட கடையப் பத்திப் பேப்பர்ல ஒண்டு எழுதித் தாங்க. செரமிக் கோட்டிங் போட்டா கறள் பிடிக்காது எண்டு எழுதினாக் காணும். மறுகா ஆக்கள் தானா வருவாங்க."

தோஹாவில் ஒன்பது வருடங்கள் கார்களைக் கழுவி மெருகூட்டும் கடையொன்றில் வேலை செய்தவன் அவன். 2023இல் ஊர் திரும்பி, கல்முனைப் பிரதான வீதியோரம் ஒரு கடையை வாடகைக்கு எடுத்திருக்கின்றான். மெருகூட்டும் இயந்திரமும் கடையின் முற்பணமும் ராத்தாவின் கைகாப்புகள். அவை இன்னும் அடகில் இருக்கின்றன. ஆகவே அவனுடைய கோரிக்கையைச் சிரித்துத் தட்டிக்கழிக்க என்னால் முடியவில்லை. "முதல்ல என்ன செய்றாய் எண்டு காட்டு, பிறகு எழுதுவம்" என்றேன்.

எங்கள் கரையோரத்தில் இத்தொழிலுக்கு வரவேற்பு இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை வீடுகளிற் பெரும்பாலானவை கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையில்தான் நிற்கின்றன. இரவிலே முற்றத்தில் விட்ட காரின் கண்ணாடியைக் காலையில் விரலால் தடவி நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். அத்துடன், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. இடையில் 2022இல் ரூபாவும் சரிந்தது. நான் வைத்திருக்கும் பழைய ஜப்பானியச் சிறு காருக்கு, வாங்கிய விலையின் இரு மடங்குக்கும் மேல் தரலாம் என்று தரகர்கள் வந்து கேட்டார்கள். புதிது வாங்க வழியற்றவன் பழையதைப் பொன்போலப் பேணத்தானே வேண்டும்?

எங்கள் வாப்பாவிடம் ஒரு ரலி சைக்கிள் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்கு முன்னர் அதைத் துடைத்து, பழைய சாரத் துண்டில் தேங்காயெண்ணெய் தொட்டுப் பூசுவார். எண்ணெய் ஒரு கிழமைக்குத்தான் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் அடுத்த வெள்ளியும் பூசுவார். அவர் எந்த உத்தரவாதமும் எதிர்பார்த்ததில்லை.

மருமகன் என் காரிலேயே வேலையைக் காட்டினான். முதலிற் கழுவினான். பின்னர் வர்ணத்தில் ஒட்டிய இரும்புத் துகள்களைக் கரைக்கும் ஒரு திரவத்தைத் தெளித்தான். அது ஆங்காங்கே ஊதா நிறமாகி வழிந்தது. அதன் பிறகு களிமண் போன்ற ஒரு கட்டியால் உரஞ்சினான். அடுத்து இயந்திரத்தால் கட் பொலிஷ். இதற்கே அரைநாள் சென்றது. ஈற்றில் எண்ணெய்ப் பசை போக அற்ககோல் கலந்த நீரால் துடைத்துவிட்டு, விரல் நீளப் போத்தலிலிருந்து சில துளிகளை எடுத்து, நெடுக்காகவும் குறுக்காகவும் தேய்த்தான். வானவில் போல ஒரு மினுக்கம் தோன்றியதும் மென்துணியால் துடைத்தெடுத்தான். நமது ஊரின் ஈரக்காற்றில் அது விரைவிலே இறுகிவிடுவதால், சிறுசிறு பகுதியாகத்தான் பூச வேண்டுமாம். துடைக்கப் பிந்தினால் கருந்திட்டாய் நின்றுவிடும். மீண்டும் மெருகு இயந்திரம்தான்.

அந்தப் போத்தலில் உள்ளது சிலிக்கன் சேர்ந்த ஒரு திரவம். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடி போன்ற சிலிக்காப் படலமாக இறுகுகின்றது. தடிப்பு ஏறத்தாழ 1 அல்லது 2 மைக்ரோன். ஒரு தலைமயிரின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன் என்றால் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றிக் காட்டினான். முத்து முத்தாய் உருண்டோடியது. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வருவதன் சூட்சுமத்தை, பொன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லொட் நுணுக்குக்காட்டியில் கண்டு, 1997இல் சக ஆய்வாளருடன் சேர்ந்து விளக்கி எழுதினார். இலையின் மேலுள்ள நுண்ணிய மேடுகளும் மெழுகும் சேர்ந்துதான் நீரை ஒட்டவிடாது செய்கின்றன. கார்ப் பூச்சு மழமழப்பானது. அதில் மேடுகள் இல்லை. எனவே தாமரை இலைக்கு அது ஈடாகாது. ஆயினும் தூசியும் பறவை எச்சமும் இலகுவிற் கழுவுப்படும். வெயிலில் வர்ணம் மங்குவதும் ஓரளவு தாமதமாகும்.

கடைப் பலகையில் '9எச் கடினம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதென்ன என்று கேட்டேன். "வைரத்துக்குக் கிட்ட மாமா" என்றான். பத்திரிகைக்காரனுக்கு இப்படியான பதில்களைக் கேட்டால் கை சும்மா இராது. தேடிப் பார்த்தேன். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. 9எச் என்பது மிகக் கடினமான பென்சில், அவ்வளவுதான். வைரம் 10 என்று வரும் மோஸ் அளவு முற்றிலும் வேறு. அந்த அளவில் நமது கடற்கரை மணலின் குவார்ட்ஸ் 7. பென்சில் கரி அதற்குக் கிட்டவும் வராது. மணல் ஒட்டிய துணியால் துடைத்தால் கவசமும் கீறும், வர்ணமும் கீறும். இன்னொன்று: காரில் நான் கண்ட பளபளப்பிற் பெரும்பங்கு அந்த அரைநாள் மெருகினால் வந்தது, போத்தல் அதைக் காக்க மட்டுமே செய்கின்றது.

அடுத்ததாகக் கறள். என் காரின் பின்கதவு அடியில் கடலை அளவில் ஒரு கொப்புளம் இருந்தது. அதன் மீது பூசாமல் விட்டிருந்தான். ஏன் என்றேன். தலை குனிந்து, "அது உள்ளுக்கிருந்து வாறது மாமா" என்றான்.

உண்மை அதுதான். கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகளை மணல் அடைத்துவிட, உப்புநீர் உள்ளே தேங்குகின்றது. உப்பு காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். மழையில்லாத நாளிலும் இரும்பு நனைந்தே கிடக்கும். கறள் இரும்பைவிடக் கூடுதலான இடம் பிடிப்பதால் வர்ணத்தை உள்ளிருந்து மேலே தள்ளுகின்றது. வெளியிற் பூசும் 2 மைக்ரோன் அதை என்ன செய்யும்?

இவ்விடத்தில் நான் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்தபோது இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். 10,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். செய்தி சேகரிக்கக் கொழும்பிலிருந்து வந்த நான், சொந்தங்களின் பெயர்களையே பட்டியலில் எழுதினேன். அந்த நாட்களில், தென்னைகளுக்கிடையே சிக்கிக் கிடந்த வான் ஒன்றை ஒருவர் மீட்டுக் கழுவி, வெள்ளை வர்ணம் அடித்துச் சில மாதங்களில் விற்பனைக்கு வைத்தார். வீட்டையும் மனைவியையும் இழந்திருந்த என் நண்பர் ஒருவர், ஹயர் ஓடிப் பிழைக்கலாம் என்று அதைப் பார்க்கப் போகையில் என்னையும் அழைத்தார். நான் சுற்றிவந்து பார்த்தேன். வர்ணம் முகம் பார்க்கும்படி மினுங்கியது. "நல்ல வாகனம், எடுங்க" என்றேன். படித்தவன், பத்திரிகைக்காரன் சொல்கிறான் என்று கையிலிருந்ததை எல்லாம் கொடுத்து எடுத்தார். இரண்டு வருடம் நிறையுமுன் தரைத்தகடு உதிர்ந்து போனது. அவர் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கனக்கின்றது.

இதை மருமகனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

அன்று பின்நேரமே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது பழைய காருடன் வந்தார். கறளுக்கு மருந்து கிடைத்துவிட்டதாக யாரோ சொல்லியிருக்கின்றார்கள். காசை உறையிலிட்டுக் கொண்டுவந்திருந்தார். அவருடைய ஒரு மாத ஓய்வூதியத்துக்கும் மேல். மருமகன் என்னைப் பார்த்தான். நான் வீதியைப் பார்த்தேன். அது அவனுடைய கடை, அவனுடைய வாடகை.

அவன் முழந்தாளிட்டு, கதவின் அடியைப் பெருவிரலால் அழுத்தினான். அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் கேட்டது.

"சேர், இதுக்கு மேல இத அடிச்சா உங்கட காசி வீண். முதல்ல டிங்கர்ட்டக் காட்டி வெட்டி ஒட்டுங்க. அடிக்குக் கறள் தடுப்பு அடிங்க. கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணியால அடிப்பக்கம் கழுவுங்க. அதுக்குப் பிறகு வேணுமெண்டா வாங்க."

ஆசிரியர் உறையை மீண்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஸலாம் சொல்லிப் போய்விட்டார். அந்த மாதம் அவனுக்கு வந்த பெரிய வேலை அது ஒன்றுதான். செய்தி எப்படியோ வீட்டுக்கு எட்டிவிட்டது. இரவு ராத்தாவின் அழைப்பு: "தம்பி, உன்ட புத்திமதியால புள்ளட வியாபாரம் போச்சே. காப்ப நீயா மீட்டுத் தரப்போறாய்?" எனக்குப் பதில் இருக்கவில்லை.

அவன் கேட்ட கட்டுரையைப் பத்திரிகைக்கு நான் எழுதவில்லை. எழுதக்கூடியது இதுதான். நல்ல நிலையிலுள்ள வர்ணத்துக்குப் பயனுள்ள பூச்சு இது. பொறுமையான கைகளால் பூசப்பட வேண்டும். கறளுக்கு மருந்து அல்ல. கல் தெறித்தால் காக்காது. உவர்க் கிணற்று நீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் முத்து முத்தாய் நின்ற இடமெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகும்.

நேற்று அந்தப் பக்கம் போனேன். பலகையில் 'கறள் பிடிக்காது' என்ற வரியின் மேல் நீல வர்ணம் அடித்திருந்தான். அதன் கீழே 'கிழமைக் கழுவல், அடிப்பக்கம் உட்பட' என்று புதிதாக எழுதியிருந்தது. இரண்டு முச்சக்கர வண்டிகளும் ஒரு வானும் நின்றன. ஆசிரியரின் காரைக் காணவில்லை. கைகாப்புகள் இன்னும் அடகில்தான். ராத்தா என்னோடு சரியாகக் கதைக்கத் தொடங்கவும் இல்லை.