பன்னிரண்டு பேரும் இருக்காங்க சார்!

ஒரு கேள்வி. பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகிறீர்கள். ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கி, காலையில் பத்திரமாகக் கீழே இறக்கிக்கொண்டு வர வேண்டும். தலைமை நீங்கள்தான். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

'வழி தெரிஞ்சாப் போதாதா?' என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாசம். எங்கள் குடியிருப்பிலிருந்து பதினெட்டுப் பேரைக் கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறைப் பக்கம் அழைத்துப் போனேன். தெரிந்தவர் ஒருவருடைய தோட்டத்தில் கூடாரம். காலேஜ் நாளிலிருந்தே மலை ஏறுகிறவன் நான். "சார் இருக்கும்போது என்ன பயம்!" என்று ஆளாளுக்குச் சொல்ல, எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிருந்தது.

சாயங்காலம் ஒரு மழை. அரை மணி நேரம்தான். அப்புறம் கேம்ப் ஃபயர், அந்தாக்ஷரி, கேலி, சிரிப்பு. படுக்கும் முன் டார்ச் அடித்து எண்ணினேன். பதினெட்டு. நிம்மதியாகப் போர்த்திக்கொண்டேன்.

ராத்திரி ஒரு மணி இருக்கும். "அங்கிள், இவன் என்னமோ உளர்றான்" என்று ஒரு பையன் வந்து எழுப்பினான். போய்ப் பார்த்தால், பதின்மூன்று வயசுப் பையன் ஒருவன் நனைந்த ஜீன்ஸோடு அப்படியே படுத்திருக்கிறான். மாற்றுத் துணி வைத்திருந்த பையும் நனைந்துவிட்டதாம். சொல்லக் கூச்சம். பேச்சு குழறுகிறது. விரல் மடங்கவில்லை. ஆனால், நடுக்கம் இல்லை.

'நடுக்கம் நின்னுடுச்சே, பரவாயில்லை' என்று நான் நினைத்தேன் பாருங்கள், அவ்வளவுதான் என் அறிவு! குளிரில் உடம்பு நடுங்குவதே சூட்டை உண்டாக்கத்தான். சூடு ஏறாமலே நடுக்கம் நின்றால், உடம்பு தோற்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

நல்லவேளை, கூட வந்திருந்த ஒரு நர்ஸம்மாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. கை காலைத் தேய்க்கப் போன என்னை, "தேய்க்காதீங்க சார், அவனை அதிகம் அசைக்கவே கூடாது" என்று தடுத்தார். ஈரத்துணியை மெதுவாக உருவி, அடியில் இரண்டு பாய் விரித்து, போர்வைக்குள் இருபுறமும் ஆளைப் படுக்கவைத்தார். விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். பிறகு ஜீப், ஆஸ்பத்திரி. பையன் பிழைத்துக்கொண்டான்.

ஊர் திரும்பியதும் அவனுடைய அம்மா வந்தார். திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். "நீங்க இருந்ததாலதான் சார் பிள்ளை தப்பிச்சான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். திட்டியிருக்கலாம்.

அந்தக் கும்பிடுதான் என்னை ஒரு பயிற்சி முகாமுக்கு விரட்டியது. ஏலகிரியில் மூன்று நாள். ராத்திரி தங்கும் குழுக்களை நடத்திச் செல்ல விரும்புகிறவர்களுக்கானது. என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். சொல்லிக்கொடுத்தவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

முதல் நாள் நடக்கவே விடவில்லை. எல்லோருடைய பையையும் தார்ப்பாயில் கொட்டச் சொன்னார். உடம்பு எடையில் கால் பங்குக்கு மேல் சுமை கூடாது, சிறுவர்களுக்கு அதிலும் குறைவு என்றார். என் ஜீன்ஸை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "நனைஞ்சா காயவே காயாது. இது வீட்டுக்குப் போகட்டும்" என்றார். ராத்திரி போட்டுக்கொள்ளும் துணி தனியாக பிளாஸ்டிக் கவருக்குள் இருக்க வேண்டும். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இடத்தைச் சேர்ந்துவிட வேண்டும். ஓடைத் தடத்திலும் காய்ந்த கிளைக்கு அடியிலும் கூடாரம் போடக் கூடாது. கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைத்தால் விஷப்புகை கொல்லும். கழிப்பிடக் குழி தண்ணீரிலிருந்து எழுபது தப்படியாவது தள்ளி இருக்க வேண்டும். காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் காலடி வைக்கக் கூடாது.

இரண்டாம் நாள் ராத்திரிக்கு நான்தான் தலைவன். ஒன்பது மணிக்கு சுபேதார் சார் வந்தார்.

"எத்தனை பேர்?"

"பன்னிரண்டு பேரும் இருக்காங்க சார்!"

"எட்டாம் நம்பர் என்ன சாப்பிட்டாங்க?"

முழித்தேன். எட்டாம் நம்பர், பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. சிரித்துக்கொண்டே ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். 'சாப்பிடாதீர்கள். ஈர சாக்ஸைக் கழற்றாதீர்கள். கேட்டால், நல்லா இருக்கேன் என்று சொல்லுங்கள்.' ஐந்து மணியிலிருந்து நடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நானும் கேட்டேன்தான். "நல்லா இருக்கீங்களாம்மா?" "இருக்கேன் சார்." அடுத்த ஆளுக்குப் போய்விட்டேன்.

"எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணினீங்க. எப்படி இருக்காங்கன்னு பார்க்கலையே" என்றார் சுபேதார் சார்.

அன்றைக்குத்தான் அந்தப் பையனைப் பற்றி எல்லோர் முன்னாலும் சொன்னேன். வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

அவர் சொன்ன வழி ரொம்பச் சுலபம். "கேட்காதீங்க, வேலை கொடுங்க. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கச் சொல்லுங்க. ஷூ நாடாவை அவிழ்க்கச் சொல்லுங்க. வாய் பொய் சொல்லும், விரல் சொல்லாது."

பிற்பாடு தேடிப் படித்தேன். 1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம் மலையில் பள்ளிக் குழு ஒன்று பனிப்புயலில் சிக்கியது. தங்க நினைத்த குடிலைக் கண்டுபிடிக்க முடியாமல் வெட்டவெளியில் இரண்டு ராத்திரி. ஐந்து மாணவர்களும் பதினெட்டு வயதுப் பயிற்சியாளரும் குளிரில் இறந்தார்கள். பிள்ளைகளை மலைக்கு அழைத்துப்போக யாருக்குத் தகுதி என்று அந்த நாடே விவாதித்தது. அங்கே இன்றைக்குக் குன்றுகளில் பகல் நடைக்குத் தலைமை தாங்கச் சான்றிதழ் வாங்கியவரும், குழுவை ராத்திரி கூடாரத்தில் தங்கவைக்க வேண்டுமென்றால் தனியாக இன்னொரு பயிற்சி முடிக்க வேண்டும். பகல் வேறு, ராத்திரி வேறு!

நமக்கும் பாடம் இல்லாமல் இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபது பேருக்கு மேல் பறிகொடுத்தோமே... அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று இங்கே தனி விதிகள் வந்தன.

அந்தப் பையன் இப்போது காலேஜ் படிக்கிறான். போன வருஷம் என்னோடு மறுபடி மலைக்கு வந்தான். இருட்டுகிற நேரம், எனக்கு முன்னாலேயே பிஸ்கட் பாக்கெட்டோடு கூடாரம் கூடாரமாகப் போய்க்கொண்டிருந்தான். "பிரிங்கடா, பார்க்கலாம்!"

உங்கள் பிள்ளையும் ஒருநாள் கேட்பான், 'ஃப்ரெண்ட்ஸோட மலைக்குப் போறேம்மா' என்று. தாராளமாக அனுப்புங்கள். ஆனால், கூட்டிப் போகிறவரிடம் எத்தனை சிகரம் ஏறியிருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். 'ராத்திரி எல்லோரும் படுக்கிறதுக்கு முன்னால என்ன செய்வீங்க?' என்று கேளுங்கள்.

'எண்ணிப் பார்ப்பேன்' என்று மட்டும் சொன்னால், வேறு ஆளைத் தேடுங்கள்.