வழி சொல்லும் கருவி வாங்கிய கதை

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்து மழை இரவொன்று எங்கள் வீட்டில் இன்றும் பேசப்பட்டு வருகிறது. என் மகள் முல்லைத்தீவு மாவட்டத்திலே கால்நடை அபிவிருத்தி உத்தியோகம் பார்க்கிறாள். முள்ளியவளையில் உறவினர் வீடொன்றில் தங்கி, நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று மாடு வளர்ப்போரைக் காண்பது அவள் கடமை. மாலை ஆறு மணியானதும் தாயாரோடு தொலைபேசியிற் பேசுவது வழக்கம். அன்று ஆறு மணி சென்றது, ஏழும் சென்றது. நாங்கள் அழைத்தபோதெல்லாம், தொடர்பு கொள்ள முடியாதென்று ஒரு பெண்குரல் மிகுந்த மரியாதையோடு கூறிக்கொண்டிருந்தது. எட்டே முக்காலுக்குத்தான் மகளின் குரலைக் கேட்டோம்.

நடந்தது இதுதான். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு பண்ணையாளர் வீட்டிலிருந்து திரும்புகையில், கைத்தொலைபேசி காட்டிய குறுக்குப் பாதையிலே வண்டியை விட்டிருக்கிறாள். கிரவல் வீதி மண் பாதையாயிற்று. மண் பாதை காட்டுத் தடமாயிற்று. சமிக்ஞை அற்றுப்போகவே, திரையில் இருந்த படம் வெறும் சாம்பல் நிறக் கட்டங்களாக மாறிவிட்டது. அதன்மேல் மழைத்துளி விழ, விரல் தொடாமலே படம் அங்குமிங்கும் ஓடிற்று. சிறிது நேரத்தில் பற்றரியும் தீர்ந்தது. வண்டி விளக்கின் ஒளியில் அவள் கண்டது, இன்னும் ஆவி அடங்காத யானை இலத்தி. வந்த தடத்திலேயே திரும்பியவளை மாடு சாய்த்து வந்த ஒரு முதியவர் கண்டு, "பிள்ளை, இது குளக்கட்டுக்குப் போற பாதையெல்லோ" என்று கூறி, பெருவீதி வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

இவ்வளவையும் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் தாயார் சிரிக்கவில்லை. நானோ, உடனே ஒரு ஜி.பி.எஸ். கருவி வாங்கி அவள் வண்டியிற் பூட்டிவிடுவதென்று தீர்மானித்தேன். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்த 25,000 ரூபா கையில் இருந்தது.

புவியியல் ஆசிரியனாக இருந்தவன் நான். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் நில அளவைத் திணைக்களம் வெளியிட்ட படங்களை மேசைமேல் விரித்து, குளத்தையும் கோயிலையும் வீதியையும் மாணவர்க்குச் சுட்டிக்காட்டிக் காலங் கழித்தவன். ஆதலால், கருவி வாங்குமுன் அதன் தத்துவத்தை வீட்டாருக்கு விளக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் அமெரிக்காவின் செய்மதிகள் முப்பதளவில் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாது அறிவித்தபடி இருக்கிறது. அவ்வறிவிப்பு ஒரு செக்கனில் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தில் எம்மை வந்தடைகிறது. வந்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிப்பதே கருவியின் வேலை. செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் இடம் 300 மீற்றர் பிழைத்துவிடும். அதனாலேதான் இடத்தை அறிய மூன்று செய்மதிகளும், கருவியின் கடிகாரத்தைத் திருத்த நான்காவதொன்றும் வேண்டியிருக்கின்றன. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்குரிய சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழைபடுத்தி வைத்திருந்தது. அதன் பின்னரே நூறு மீற்றர் அளவில் இருந்த பிழை சில மீற்றராகக் குறைந்தது. இன்று ருசியாவினதும் ஐரோப்பாவினதும் சீனாவினதும் செய்மதிகளும் துணைக்கு உள.

"செய்மதி எல்லாம் சரி. சாமானை எப்ப வாங்கப் போறியள்?" என்றாள் என் மனையாள்.

மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த கருவிகள் உண்டென்று அறிந்து அவற்றின் விபரங்களைத் தேடினேன். கார்மின் நிறுவனத்தின் சூமோ எக்ஸ்.டி. என்ற கருவி 2020இல் வெளிவந்தது. ஒரு மீற்றர் ஆழத்து நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது. கொளுத்தும் வெயிலிலும் திரை தெரியும். கையுறை அணிந்த விரலுக்கும் பணியும். படித்தபோது இதுவே என் மகளுக்கு ஏற்றதென்று மகிழ்ந்தேன். விலையைப் பார்த்தேன்: வெளிவந்தபோது 500 அமெரிக்க டொலர். டொலர் ஒன்று 300 ரூபா என்று கொண்டால் ஒன்றரை இலட்சம் ரூபா. அந்தப் பக்கத்தை அத்துடன் மூடிவிட்டேன்.

மோட்டார்க் காருக்குரிய பழைய கருவியொன்றை மலிவாக வாங்கலாம் என்றார் ஒரு நண்பர். அவை கண்ணாடிக்குள்ளே, மழை படாத இடத்தில் இருந்து பழகியவை. எங்கள் மாரிக்கு ஒரு வாரந் தாங்கா. மேலும், பழைய கருவிக்குள்ளே எந்த நாட்டுப் படம் இருக்கிறதென்று பாராமல் வாங்குவது மடமை. ஜப்பானிலிருந்து இறங்கிய கார்கள் கொழும்பு வீதியில் நின்றுகொண்டு ஜப்பானியத் தெருக்களைத் தேடுவதை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள்.

இவ்வாறு அலைந்த பின்னர் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கடைக்குள் நுழைந்து, "தம்பி, மோட்டார் சைக்கிளுக்கு மலிவான ஜி.பி.எஸ். இருக்கிறதோ?" என்று கேட்டேன். தீப்பெட்டியிலும் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டியொன்றை அவர் எடுத்து வைத்தார். அதில் திரையைக் காணவில்லை. "இதுக்குத் திரை தேவையில்லை, ஐயா. சிம் ஒன்றைப் போட்டு வண்டிக்குள்ளே ஒளிச்சுப் பூட்டிவிட்டால், வண்டி எங்கே நிக்குது எண்டு உங்கட போனிலே தெரியும்" என்றார். விலை 9,500 ரூபா.

இது வழி காட்டும் கருவியன்று. வண்டி களவுபோனாற் கண்டுபிடிக்கும் கருவி. இரண்டுக்கும் எங்கள் ஊரில் ஜி.பி.எஸ். என்ற ஒரே பெயர் வழங்குகிறது. இவ்வேறுபாட்டை அறியாமல் வாங்கினேன் என்று இங்கே எழுதிவிடலாம். ஆயின் அது பொய்யாகும். நன்றாக அறிந்தே வாங்கினேன். அந்த இரவில், ஆறு மணி தொடக்கம் எட்டே முக்கால் வரை, என் கையில் இப்படியொரு பொருள் இருந்திருந்தால் என்ற எண்ணந்தான் பணத்தை எண்ணிக் கொடுக்கச் செய்தது. 'விற்ற பொருள் மீளப்பெறப்படமாட்டாது' என்ற அறிவித்தல் அக்கடைச் சுவரிலே தொங்கிற்று. அதையும் வாசித்தேன்.

அடுத்த சனிக்கிழமை மகள் வந்தாள். பெட்டியைப் புரட்டிப் பார்த்தாள். "அப்பா, எனக்கு வழி தெரியிறதுக்கோ இதை வாங்கினீங்கள், நான் நிக்கிற இடம் உங்களுக்குத் தெரியிறதுக்கோ?" என்று கேட்டாள். நான் விடை கூறவில்லை. அவள் கோபிக்கவுமில்லை. கன்று ஈன முடியாமல் வருந்தும் பசுவொன்றின் அருகே தான் சில நாட்களில் இரண்டு மூன்று மணி நேரம் நிற்க நேரிடும் என்றும், போனிலே தெரியும் பொட்டு அவ்வளவு நேரமும் அசையாதிருந்தால் அம்மா எத்தனை கோயிலுக்கு நேர்த்தி வைப்பா என்றும் கேட்டாள். அதற்கு மேலும் ஒன்று சொன்னாள். இந்தப் பெட்டி தான் இருக்கும் இடத்தை அறிவிப்பது கைத்தொலைபேசிச் சமிக்ஞையின் வழியாக. அன்று அவள் வழி தவறிய காட்டிலோ அச்சமிக்ஞை இல்லை. எங்கள் அச்சம் மிகுந்த அந்த இடத்திலேயே பெட்டியும் வாய்மூடி இருந்திருக்கும். கடைசியாகக் கண்ட இடத்தில் பொட்டு உறைந்து நின்று, எங்கள் நெஞ்சையும் உறையச் செய்திருக்கும்.

புவியியல் ஆசிரியனுக்கு இது தோன்றாமற் போயிற்று. வாங்குமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வண்டி ஓட்டுபவள் அவள்.

"உனக்கு என்னதான் வேண்டும், பிள்ளை?" என்று அப்பொழுதுதான் கேட்டேன். அவளுக்கு வேண்டியது நான் எண்ணியதினின்றும் வேறுபட்டிருந்தது. பெருவீதியில் அவளுக்கு எவ்விதக் கருவியும் தேவையில்லை. மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலுள்ள வீதியை அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அவளை அலைக்கழிப்பவை வீடுகள். வன்னியிலே விலாசம் கேட்டால், "வயிரவர் கோயிலடியால் இறங்கி, துருசைத் தாண்டி, பட்ட பாலைமரத்தடியில் வலக்கைப் பக்கம்" என்பார்கள். அடுத்த முறை போகும்போது பட்ட மரம் விறகாகியிருக்கும். அவ்வீடுகளை எந்தக் கம்பனியின் படமும் அறியாது. ஒருமுறை சென்ற வீட்டைத் தானே குறித்து வைக்க வேண்டும். சமிக்ஞை இல்லாத இடத்திலும் அக்குறி தெரிய வேண்டும். ஓடும்போது கண்ணை வீதியிலிருந்து இழுக்கக் கூடாது. இம்மூன்றுமே அவள் தேவை.

அதற்கு ஏற்ற பொருள் எங்கள் வீட்டு அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. மூத்த மகன் கழித்துவிட்ட பழைய கைத்தொலைபேசி. சிம் இல்லாவிட்டாலும் அது செய்மதிகளைக் கேட்கும், ஏனெனில் ஜி.பி.எஸ். என்பது கேட்பது மாத்திரமே, எவருக்கும் எதையும் அனுப்புவதன்று. புதிய பற்றரிக்கு 4,000 ரூபா சென்றது. ஓர்கானிக் மப்ஸ் என்ற இலவசச் செயலியை அதில் ஏற்றி, இலங்கைப் படம் முழுவதையும் வீட்டிலிருந்தே இறக்கி வைத்தோம். 2004இல் பிரித்தானியாவில் தொடங்கிய ஓப்பின் ஸ்ட்ரீற் மப் என்னும் முயற்சியிலே, உலகெங்குமுள்ள சாதாரண மக்கள் கூடி வரைந்து வரும் படம் அது. எங்கள் ஊர்க் குச்சொழுங்கைகள் சில அதில் இருக்கக் கண்டு, வரைந்த கை எதுவோ என்று வியந்தேன்.

அவள் நாள்தோறும் பேசும் தொலைபேசியையே வண்டியிற் பூட்டினால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். மழையிலோ வெயிலிலோ அது கெட்டால் வழியும் போம், உதவிக்கு அழைக்கும் வாயும் போம். ஆப்பிள் நிறுவனம் தன் தொலைபேசிகளை 35 பாகை வெப்பத்துக்கு மேற்பட்ட இடத்திற் பயன்படுத்த வேண்டாம் என்கிறது; சித்திரை மாதத்து வன்னி வெயில் அவ்வெல்லையை எளிதிற் கடந்துவிடும். வலிமை மிக்க மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு தொலைபேசிக் கமராவின் நுண்ணிய பாகத்தைப் பழுதாக்கலாம் என்றும் அந்நிறுவனமே 2021இல் எச்சரித்தது. பழைய தொலைபேசியின் கமரா பழுதானால் எவர்க்கு நட்டம்?

கைப்பிடியிற் பூட்டும் தாங்கிக்கு 3,500 ரூபா கொடுத்தேன். இதில் மாத்திரம் மலிவைத் தேடவில்லை. கிரவல் வீதியிற் கழன்று விழும் தாங்கி எவ்வளவு மலிவாயினும் நட்டமே. வண்டிப் பற்றரியின் 12 வோல்ற்றை 5 வோல்ற்றாக்கும் மின்னேற்றியை, உருகியோடு, திறப்பைப் போட்டால் மாத்திரம் மின் வருமாறு ஒரு மெக்கானிக் பொருத்திக் கொடுத்தார், கூலியோடு 2,500. இப்படிப் பூட்டாவிட்டால் இரவெல்லாம் மின் கசிந்து, விடியற்காலையில் வண்டி கிளம்ப மறுக்கும் என்றார் அவர். நீர் புகா உறை 1,200. உறையின் மேல் மழை விழுந்தாலும் திரை குழம்பத்தான் செய்யும். ஆகவே, புறப்படுமுன் போகும் இடத்தைக் குறித்து, திரையை அணைத்துவிட்டு, ஒரு காதில் மாத்திரம் ஒலிவாங்கும் சிறு கருவியை வைத்துக்கொள்வது என்று அவளே ஓர் ஒழுங்கு செய்தாள். மற்றக் காது பின்னால் வரும் பஸ்ஸுக்கும் முன்னால் நிற்கும் யானைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை தென்மராட்சி ஒழுங்கைகளிற் பரீட்சை பார்த்தோம். மகள் ஓட்ட, நான் பின்னால் இருந்தேன். சிம் இல்லாத கருவி செய்மதிகளைப் பிடிக்க முதலிற் சற்றுச் சுணங்கும். செய்மதி தன் விபரத்தை மிக மெதுவாக ஒப்புவிப்பதே காரணம். அரை நிமிடத்துக்குக் குறையாமல் முற்றத்தில் நிற்க வேண்டும். பின்னர் நன்றாகவே வழி சொல்லிற்று. ஓரிடத்தில் இடப்புறம் திரும்பச் சொன்னது, திரும்பினோம், தகரப் படலையொன்று வழிமறித்தது. படலைக்குள்ளிருந்து நாயொன்று பாய்ந்து வந்தது. எவரோ ஒழுங்கையை வளவோடு சேர்த்து அடைத்திருந்தார். செய்மதி இதையெல்லாம் காணாது. பல மாரிகளில் வட்டுவாகல் பாலத்தின்மேல் வெள்ளம் பாய்ந்ததுண்டு. படத்திலோ அப்போதும் அது வீதியாகவே இருந்திருக்கும். இதனால் மகள் வீடுகளைக் குறிக்கும் அதே இடத்தில், 'மாரியில் வரவேண்டாம்', 'யானை' என்றும் குறித்து வருகிறாள். அன்று வழி தவறிய தடத்துக்கு அவள் இட்ட குறி, 'குளக்கட்டு ஐயா'. குறிகளின் பிரதியொன்றை வாரந்தோறும் எனக்கு அனுப்புகிறாள். நூற்றுக்கு மேற்பட்டுவிட்டன. நான் அவற்றை என் பழைய அங்குலப் படத்திற் பென்சிலால் ஏற்றி வருகிறேன்.

மிஞ்சிய 4,300 ரூபாவுக்கு, இருளில் ஒளி தெறிக்கும் மழையங்கி வாங்கினோம். மாலைத் தொலைபேசியை ஆறு மணியிலிருந்து ஏழு மணிக்கு மாற்றிக்கொண்டோம். ஆறு மணிக்குள் வீடு சேரவேண்டுமென்றுதான் அன்று குறுக்குப் பாதையில் விட்டதாக அவள் பிறகு சொன்னாள்.

அந்தக் கறுப்புப் பெட்டியை எறிய மனம் வரவில்லை. தாயும் மகளும் கலந்து பேசி, அதை என் மோட்டார் சைக்கிளிற் பூட்டுவித்துவிட்டார்கள். இப்பொழுது நான் வாசிகசாலையில் அரை மணி நேரம் கூடுதலாக இருந்தால், முல்லைத்தீவிலிருந்து அழைப்பு வருகிறது.