முறிகண்டிக் கச்சான்

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் இரவு பஸ் சிறிது நேரத்திலேயே முறிகண்டியில் நிற்கும். ஏ9 வீதியால் போகிறவர்கள் அங்கு பிள்ளையாரைக் கும்பிட்டுத்தான் போவார்கள். சாரதி தேங்காய் உடைப்பார். பயணிகள் கச்சான் வாங்குவார்கள். 2018ஆம் ஆண்டு என்னோடு அந்தப் பஸ்ஸில் வந்த அக்காவும் இறங்கிப்போய் நாலு பை கச்சான் வாங்கி வந்தார்.

"இது அவளின்ர கணக்கு, தங்கச்சி. எப்பவும் நாலு" என்றார்.

அவள், அக்காவின் ஒரே மகள். 2009இல் தகப்பனை இழந்தபோது அவளுக்கு ஐந்து வயது. தகப்பனின் உடலைக்கூட இவர்கள் காணவில்லை. பதினொரு வயதில் அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அதன்பின் இரண்டு வருடங்கள் தாயும் மகளும் மகரகம வைத்தியசாலைக்கு இந்த வழியால்தான் போய் வந்தார்கள். புறக்கோட்டைக்கே ஏறத்தாழ 330 கிலோமீற்றர். விடியற்காலை அங்கு இறங்கி 138ஆம் இலக்க பஸ் எடுக்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலை என்பதால் சிகிச்சைக்குக் காசில்லை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அக்கா தன் தோட்டை விற்றார்.

சிறுவர்களுக்கு அதிகம் வருகிற இரத்தப் புற்றுநோய் இன்று முறையான சிகிச்சையால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. இவளுக்கோ குறைந்த வருத்தம் திரும்பவும் வந்தது. 2017இல் கண்ணை மூடினாள்.

இங்கே என் பிழையையும் சொல்ல வேண்டும். நான் சமூகவியல் படித்தவள். துக்க வீடுகள் பல கண்டவள். "பிள்ளையின்ர சட்டை, கொப்பியெல்லாம் எடுத்து வையுங்கோ அக்கா, பாக்கப் பாக்க மனம் தாங்காது" என்று நான்தான் சொன்னேன். அயலவர்களிடமும் அவளுடைய பேச்சை எடுக்க வேண்டாம் என்றேன். எல்லோரும் அப்படியே நடந்தார்கள். ஒரு வருடமாக அந்த ஒழுங்கையில் ஒருவரும் அவளுடைய பெயரைச் சொல்லவில்லை.

அதனால் அக்கா மகரகமவுக்கு ஒருமுறை போகவேண்டும் என்று கேட்டபோது நான் மறித்தேன்.

"அங்கதானே தங்கச்சி அவள் ரெண்டு வருசம் இருந்தவள்" என்றார். மறுக்க முடியவில்லை.

அந்த வைத்தியசாலைக்கு இப்போது அபேக்ஷா என்று பெயர். சிங்களத்தில் எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று பொருள். நாங்கள் போன காலை வாங்குகளில் பல ஊர்த் தாய்மார் சாப்பாட்டுப் பார்சல்களோடு இருந்தார்கள். முடி கொட்டிய பிள்ளைகள் முகக்கவசத்துடன் அவர்கள் மடியில் சாய்ந்திருந்தார்கள். கிருமி தொற்றினால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்பதால் கண்டவர்களும் விடுதிக்குள் போக முடியாது. நாங்களும் வெளியில்தான் இருந்தோம்.

அப்போது வாளியோடு வந்த ஒரு பணிப்பெண் அக்காவைக் கண்டு நின்றார். "துவ கோ?" என்று கேட்டார். மகள் எங்கே என்பது அது. அக்கா ஒன்றும் சொல்லாமல் மேலே பார்த்தார். அந்த அம்மா வாளியை வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்தார். பிறகு எங்கள் பையைப் பார்த்து, "கச்சான்!" என்றார், தமிழில்.

மகள் சொல்லிக்கொடுத்த சொல் அது. மருந்தினால் வாய் புண்ணாகி அவளால் கச்சான் சாப்பிட முடியாத நாட்களிலும், முறிகண்டியில் நாலு பை வாங்குவித்து, துணைக்கு நிற்கும் அம்மாமாருக்குக் கொடுப்பாளாம். "ரட்டகஜு" என்று அவர்கள் சிங்களத்தில் சொல்ல, இவள் விடாமல் "கச்சான்" என்று திருத்துவாளாம். இவற்றை எல்லாம் சொல்லிச் சொல்லி இருவரும் அழுதார்கள். நடுவில் சிரித்தார்கள். ஒரு வருடத்துக்குப் பின் அக்கா சிரித்ததை அங்குதான் கண்டேன்.

திரும்பி வரும்போது அக்கா சொன்னார்: "தகப்பனை எங்க தேடுறது எண்டு தெரியாது. இவளைக் கடைசிவரை என்ர மடியில வைச்சிருந்தன். அந்த ரெண்டு வருசமும் அவள் செத்துக்கொண்டிருக்கேல்ல தங்கச்சி, இருந்தவள்."

வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் பூட்டிய கொப்பிகளை நானும் சேர்ந்து வெளியே எடுத்தேன். அயலவர்களிடம் போய், நான் முன்பு சொன்னது பிழை என்றேன்.

சகோதரிகளே, உங்கள் அயலிலும் பிள்ளையை இழந்த தாய் இருப்பாள். அவள் அழுவாள் என்று பயந்து பிள்ளையின் பெயரை மறைக்காதீர்கள். ஒருநாள் பக்கத்தில் இருந்து, "உன்ர பிள்ளைக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லத் தொடங்கினால் கேட்டுக்கொண்டிருங்கள், போதும்.