ஒரு மான் கொஞ்சம் தள்ளி நின்றால்...

டீக்கடையில் க்யூ.ஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் அனுப்பியதும் நாமெல்லாம் கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். நங்கநல்லூரில், அபார்ட்மென்ட்காரர்கள் ‘கம்ப்யூட்டர் சார்’ என்று கூப்பிடும் அவர் மட்டும் நகர மாட்டார். கல்லாப்பெட்டி மேல் இருக்கும் குட்டி ஸ்பீக்கர், பணம் வந்துவிட்டது என்று சொல்லும் வரை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். ஒன்று, இரண்டு, மூன்று...

“இந்த மூணு செகண்டுல கடைக்காரர் என்னைச் சந்தேகப்படுறார். நான் பேங்க்கைச் சந்தேகப்படுறேன். ஸ்பீக்கர் வாயைத் திறந்ததும் ரெண்டு பேரும் நல்லவங்க ஆயிடுறோம்” என்பார்.

ஓ.டி.பி வர எவ்வளவு நேரம், டி.வி ரிமோட்டை அழுத்தினால் சேனல் மாற எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கணக்கு உண்டு. லிஃப்ட்டைப் பற்றி ஒரு தத்துவமே வைத்திருக்கிறார். “பட்டனை அழுத்தினதும் அதுல லைட் எரிஞ்சிடணும். லிஃப்ட் எப்ப வேணா வரட்டும். லைட் எரியலைன்னாதான் மனுஷன் திரும்பத் திரும்ப அழுத்துவான்.” குக்கர் விசிலை மட்டும் அவருக்கு எண்ணத் தெரியாது என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பதுண்டாம்.

வயது 60. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வைஃபை சரிசெய்து தருவார். பதிலுக்கு அவர்கள் என்ன கேம் விளையாடுகிறார்கள், பிங் எவ்வளவு காட்டுகிறது என்று விசாரிப்பார். பிங் என்பது வேறொன்றுமில்லை. உங்கள் போனிலிருந்து கிளம்பும் ஒரு சின்னத் தகவல் கேம் சர்வரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர ஆகும் நேரம். மில்லி செகண்டில் சொல்வார்கள். ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அந்தப் பேச்சை ஆரம்பித்தால் அவர் கடலுக்குள் போய்விடுவார். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வங்கக் கடலுக்கு அடியில் ஒரு கேபிள் போகிறது. 2002-ல் போட்டது, நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். வெட்டவெளியில் ஓடும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. போய்வர 32 மில்லி செகண்ட். “எந்தக் கம்பெனி எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்தக் கேபிள்ல இதுக்குக் கீழ கொண்டுவர முடியாது. இது இயற்கை போட்ட ஸ்பீடு பிரேக்கர்.”

டொரண்டோவுக்கும் அவரிடம் கணக்கு இருக்கிறது. பூமியின் மேல் நேர்கோடு இழுத்தால் சென்னையிலிருந்து ஏறக்குறைய 13,400 கிலோமீட்டர். அப்படி நேராக ஒரு கேபிள் இருந்தால்கூட 134 மில்லி செகண்ட் ஆகும். நிஜக் கேபிள்கள் வளைந்து நெளிந்து நாடு நாடாகப் போவதால் 250-ஐ ஒட்டி வருகிறது. டொரண்டோவில்தான் அவருடைய மகன் இருக்கிறான்.

ஒரே பிள்ளை. 2004-ல் அவனுக்கு ஒன்பது வயது. வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருக்க, ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து ஹாலில் வைத்தார். படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு கேபிள். அதில் கால் தடுக்கி மனைவி இரண்டு தடவை விழப்பார்த்தார். மூன்றாவது தடவை அவரே டேப் போட்டுத் தரையோடு ஒட்டிவிட்டார். பிங் ஒரு மில்லி செகண்ட்.

ஆட்டம், ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’. 1999-ல் வந்தது. கையில் நாலைந்து ஆட்களோடு ஆரம்பித்து, ஆடு மேய்த்து, மரம் வெட்டி, வயல் போட்டு, கோட்டை கட்டி, கடைசியில் அடுத்தவர் ராஜ்ஜியத்தை இடிக்க வேண்டும். மகன் எப்போதும் பெர்ஷியாவை எடுப்பான். காரணம், யானைப்படை. யானை மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துவிட்டால் சுவர் தாங்காது. அப்பா ஓரமாக ஏழெட்டுத் துறவிகளை நிறுத்திவைப்பார். துறவி மந்திரம் ஓதினால் யானை கட்சி மாறிவிடும். மகன் வளர்த்த யானை மகன் கோட்டையையே இடிக்கும். அவன் அழுதுகொண்டு சமையலறைக்கு ஓடுவான். “சின்னப் பையன்கிட்ட போய் ஜெயிக்கணுமா?” என்று அங்கிருந்து ஒரு குரல் வரும்.

இந்த ஆட்டத்தின் முதல் பாகத்தை உருவாக்கிய புரோகிராமர்களில் இருவர் 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பு, ‘1500 ஆர்ச்சர்ஸ் ஆன் எ 28.8’. டயல்-அப் மோடம் கொய்ங் என்று கத்திய காலத்தில், அந்த மெல்லிய டெலிபோன் கம்பி வழியாக எட்டுப் பேர் விளையாட, ஆயிரத்து ஐந்நூறு வில்லாளர்களை எப்படி நகர்த்தினார்கள் என்பதுதான் விஷயம். கம்ப்யூட்டர் சார் அதை அச்சடித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்திருக்கிறார். சாமி அலமாரிக்குப் பக்கத்து ஷெல்ஃபில்தான் இருக்கிறது.

அவர்கள் செய்த தந்திரம் இது. வில்லாளர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று அனுப்பிக்கொண்டே இருந்தால் அந்தக் கம்பி தாங்காது. அதனால், ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் முழு உலகமும் தனித்தனியே ஓடும். கம்பியில் போவது கட்டளை மட்டும்: இவன் இங்கே போகட்டும், அவன் அதை வெட்டட்டும். கட்டளை உடனே நடக்காது. எல்லோருக்கும் போய்ச் சேர அவகாசம் கொடுத்து, இரண்டு சுற்று தள்ளி எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் நடக்கும். நமக்கு அது தெரிவதில்லை. ஆளைச் சொடுக்கியதுமே அவன் ‘சரி’ என்று குரல் கொடுத்துவிடுகிறானே! லிஃப்ட் பட்டன் லைட்டேதான்.

அதில் இரண்டு இடங்களில் பேனாவால் கோடு போட்டிருக்கிறார். முதல் இடம் தாமதம் பற்றி. கால் செகண்ட் தாமதத்தை விளையாடியவர்கள் கவனிக்கவே இல்லை. அரை செகண்ட் வரை பொறுத்துக்கொண்டார்கள். ஒருசமயம் வேகமாகவும் ஒருசமயம் மெதுவாகவும் வந்தால்தான் எரிச்சல். ஒரே சீரான தாமதத்துக்கு மனசு பழகிவிடுகிறது.

இதைப் படித்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது ஜீனோ. 1980களில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ விகடனில் தொடராக வந்தபோது, அந்த இயந்திர நாய்க்குட்டி என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் காத்திருப்பார். “பிங் ஏழு நாள்! ஆனா கரெக்டா ஏழு நாள். அதனால ஒண்ணும் தெரியல.”

சயின்ஸ் ஃபிக்ஷன் எழுதுகிறவர்களுக்கும் இந்தத் தாமதம் ஒரு தலைவலி என்பார். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் பேச வருஷக்கணக்கில் ஆனால், கதாபாத்திரங்கள் எப்படிச் சண்டை போடுவார்கள்? உர்சுலா லெ குயின் 1966-ல், எவ்வளவு தூரமானாலும் அந்தக் கணமே பேச வைக்கும் ‘ஆன்சிபிள்’ என்ற கருவியைக் கதையில் கண்டுபிடித்துவிட்டார். பிறகு வந்த பலரும் அதையே கடன் வாங்கிக்கொண்டார்கள். ‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு கிரகத்தில் கொஞ்ச நேரம் சிக்கிக்கொண்ட அப்பா திரும்பி வந்து, பிள்ளைகள் 23 வருஷமாக அனுப்பிய வீடியோக்களை ஒரே உட்காரலில் பார்ப்பார். டி.வி-யில் அந்தக் காட்சி வந்தால் கம்ப்யூட்டர் சார் ரிமோட்டைத் தேடுவார். அப்போது சேனல் மாற எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணுவதில்லை.

மகன் 2018-ல் மேல்படிப்புக்கு டொரண்டோ போனான். அடுத்த வருஷம் நவம்பரில் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ புதுப்பொலிவோடு மறுபடி வந்தது. சனிக்கிழமை இங்கே இரவு எட்டு, அங்கே காலை பத்தரை. காதில் ஹெட்செட்டோடு இரண்டு மணி நேரம். யானை, துறவி, சண்டை, சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் என்று எல்லாம் பழையபடி.

2021 மே மாதம் அம்மா இறந்துபோனார். கொரோனா இல்லை; மாரடைப்பு. தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. இந்தியாவிலிருந்து வரும் நேரடி விமானங்களை கனடா ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. கிளம்பினால் திரும்பிப் போக வழி தெரியாது, வேலையோ புதுசு. அதையெல்லாம் உதறிவிட்டுக் கிளம்பினாலும் சடங்குக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது. அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

மின்மயானத்துக்கு நான்கு பேர் போனார்கள். தம்பி மகன் போனில் வீடியோ கால் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். மகன் செய்ய வேண்டியதைக் கணவர் செய்தார். கற்பூரத்தை ஏற்றும் நேரத்தில் கால் நின்றுபோனது.

அதற்குப் பிறகு சனிக்கிழமை ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. பேச்சு ‘ம்’ ஆகிவிட்டது. சாப்டீங்களா? ம். வேலை எப்படிப் போகுது? ம். 2022 ஏப்ரலில் ஆட்டத்தில் ‘திராவிடர்கள்’ என்று ஒரு புது நாகரிகத்தைச் சேர்த்தார்கள். ராஜேந்திர சோழனின் படையெடுப்பு, திரிசடை என்ற போர்க்கப்பல், உறுமி சுழற்றும் வீரர்கள் எல்லாம் உண்டு. முக்கியமாக, அந்த ஆட்கள் தமிழ் பேசினார்கள். முதல் நாள் ஹெட்செட்டில் அதைக் கேட்டு இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மறுபடி ‘ம்’. அந்த வீட்டில் சனிக்கிழமைகளில் அதிகமாகத் தமிழ் பேசியது திரைக்குள் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள்தான்.

பேனாவால் கோடு போட்ட இரண்டாவது இடம் ஒரு மானைப் பற்றியது. எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே உலகம் ஓட வேண்டும் என்றால், ஆரம்பம் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டரில் ஒரு மான் மட்டும் நூலிழை தள்ளி நின்றாலும் போச்சு. அது வேறு பக்கம் மேயும். சில நிமிடங்கள் கழித்து வேட்டைக்காரன் வேறு வழியில் போவான்; குறி தவறி வெறும் கையோடு திரும்புவான். இந்தத் திரையில் இறைச்சி இருக்கும், அந்தத் திரையில் இருக்காது. இரண்டு பேரும் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடுகிறோம் என்று நம்பிக்கொண்டு வேறு வேறு ஆட்டத்தை ஆடிக்கொண்டிருப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன வருஷம் ஒரு சனிக்கிழமை, ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் மகன் கேட்டான்.

“அப்பா, அன்னிக்கு ஏன் போனை கட் பண்ணீங்க?”

“என்னிக்குடா?”

“அம்மாவுக்கு. கற்பூரம் ஏத்தும்போது.”

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். “நான் எங்கடா கட் பண்ணேன்? பாக்க முடியாம நீதான் வெச்சிட்டேன்னு நெனச்சேன்.”

திரை ஓரத்தில் பிங் 248 என்று காட்டிக்கொண்டிருந்தது. பதில் வர அதைவிட ரொம்ப நேரம் ஆனது.

“நான் வெக்கலப்பா. படம் அப்படியே நின்னுடுச்சு. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கல. நான் வரலைன்னு உங்களுக்குக் கோவம்னு...”

அது தம்பி மகனின் போன். இருந்ததே நான்கு பேர். தூக்க ஆள் வேண்டும் என்றதும் அவன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கை கொடுக்கப் போய்விட்டான். சைலன்ட்டில் இருந்த போனை அன்று இரவு வரை எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தவனும், பெரியப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டான்.

அப்பா சொல்லத் தொடங்கினார். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம். யார் யார் வாசல் வரை வந்தார்கள், யார் மாஸ்க்கோடு தெருமுனையிலேயே நின்று அழுதார்கள் என்று. “நீ மொதல் சம்பளத்துல வாங்கி அனுப்பினியே, மாம்பழக் கலர் புடவை... அதைத்தான்டா போத்தினோம்.” மகனுக்கு அது தெரியாது. அதை அம்மா கட்டியே பார்க்கவில்லை, பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டிருந்தானாம். “பொங்கலுக்கு நீ வரும்போது கட்டணும்னு வெச்சிருந்தா.”

யாரும் யாரையும் தாக்கவில்லை. வயல்கள் விளைந்து முடிந்தன. சும்மா நிற்கும் ஆட்களின் எண்ணிக்கை திரையில் ஏறிக்கொண்டே போனது. அவர் பக்கம் மட்டும் 23.

இந்த ஆட்டம் ஒவ்வொரு முறையும் தன்னைத்தானே பதிவு செய்துகொள்ளும். வீடியோவாக அல்ல, யார், எப்போது, என்ன கட்டளை கொடுத்தார்கள் என்பதை மட்டும். மறுபடி போட்டுப் பார்த்தால் கம்ப்யூட்டர் அந்தக் கட்டளைகளை முதலிலிருந்து நடத்திக் காட்டும். அதனால் ஃபைல் ரொம்பச் சின்னது. அன்றைய ஃபைலை அவர் தனி ஃபோல்டரில் எடுத்து வைத்திருக்கிறார். அதில் நாற்பது நிமிடத்துக்கு ஒரு கட்டளையும் கிடையாது.

நவம்பரில் கனடாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். ஆட்டம் எட்டிலிருந்து ஒன்பது மணிக்குப் போய்விட்டது; பிரஷர் மாத்திரை போடும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டார். திராவிடர்களிடம் நைட் குதிரை வீரர்கள் இல்லாதது அவருக்குக் குறைதான், இருந்தாலும் அவர்களையே எடுக்கிறார். மகன் இன்னமும் பெர்ஷியாதான். முதல் யானை கோட்டை வாசலைத் தாண்டும் முன்பே இவர் பக்கம் ஏழு துறவிகள் தயாராகிவிடுகிறார்கள்.